விருதுக்கு முன் ஒரு கேள்வி

ஷம்சாத் பேகத்தின் அரிசி மில் விருதுக்கான கடைசிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறது என்று சென்னையிலிருந்து போன் வந்தபோது, எழில்மொழி உமிக் கிடங்குப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். இயந்திரச் சத்தத்தில் முதலில் ஒன்றும் காதில் விழவில்லை. வெளியே ஓடி வந்து, வேப்பமரத்தடியில் நின்று, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு மாடியிலிருந்த அலுவலக அறைக்கு இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மில் பாபநாசத்துக்கு வெளியே, தஞ்சாவூர் சாலையில் இருந்தது. விருது, வீண் வேலையைக் கண்டுபிடித்துக் கழித்துச் சிக்கனமாக உற்பத்தி செய்யும் தொழிற்சாலைகளுக்குச் சென்னையில் ஒரு தொழில் கூட்டமைப்பு ஆண்டுதோறும் தருவது. லீன் விருது என்பார்கள். கார் உதிரிபாகக் கம்பெனிகளும் பம்பு செட் கம்பெனிகளும்தான் வழக்கமாக வாங்கும். ஓர் அரிசி மில் கடைசிச் சுற்று வரை போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"உண்மையாவா சொல்ற?" என்று ஷம்சாத் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அதிராம்பட்டினத்துக் குடும்பம். அவருடைய வாப்பா தொடங்கிய மில் இது. அவர் காலமான பிறகு ஷம்சாத் கையில் எடுத்து நடத்தினார். வாய் விட்டுச் சிரிப்பது அபூர்வம். அன்று சிரித்தார். ஆள் அனுப்பி லட்டு வாங்கி வரச் சொன்னார்.

லட்டுப் பெட்டியை எழில்மொழிதான் ஒவ்வொரு பிரிவாக எடுத்துக்கொண்டு போனாள். நெல் அவிக்கும் இடத்தில் கைதட்டினார்கள். மூட்டை தைக்கும் பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். கடைசியாக லோடிங் ஷெட்டுக்கு வந்தாள். சுமை தூக்கும் பதினோரு பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு லட்டு எடுத்துக்கொண்டார்கள். யாரும் கைதட்டவில்லை.

குழந்தைராஜ் மட்டும் கேட்டார். "விருது எதுக்கும்மா தர்றாங்க? அந்த உருளைப் பாதைக்கா?"

"ஆமாண்ணே. அதுவும் ஒரு காரணம்."

"சரி, சரி. நல்லதுதான்." அவர் லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த புகழேந்தியைப் பார்த்தார். புகழேந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகழேந்தி எழில்மொழியின் அப்பா.

மில்லில் இருக்கும்போது அவள் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எப்படியும் கூப்பிடாமலே இருந்தாள். அவள் வேலைக்குச் சேர்வதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அவர் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா பண்ணையில் கூலியாக இருந்தவர். புகழேந்தி ஏறக்குறைய ஓர் ஏக்கர் வரும் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நட்டு, மீதி நாளெல்லாம் மில்லில் சுமந்து, பெண்ணை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வைத்தார். அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் இருந்து இந்த லீன் வேலையைக் கற்றாள். ஊருக்கு அருகிலேயே ஒரு மில்லில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் திரும்பி வந்தாள்.

வந்த முதல் வாரத்திலேயே அவள் கண்ணில் பட்டது சிப்பம் என்று அங்கே சொல்லும் அரிசி மூட்டைதான். தைத்து முடித்த ஒவ்வொரு அரிசிச் சிப்பத்தையும் ஆட்கள் தோளில் சுமந்து குடோனுக்குப் போய் ஒன்றன் மேல் ஒன்றாக அட்டி போட்டார்கள். மறுநாள் அதே சிப்பத்தை அட்டியிலிருந்து இறக்கி, மறுபடி சுமந்து, லாரியில் ஏற்றினார்கள். ஒரே சிப்பம் இரண்டு தரம் தோளேறியது. அப்பா வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவார். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதனால்தான் அந்த உருளைப் பாதையைப் போட்டாள். தையல் இயந்திரத்திலிருந்து லாரி மேடை வரை வரிசையாக இரும்பு உருளைகள். காலையில் தைத்த சிப்பம் உருண்டு வந்து நேராக லாரியில் ஏறும்படி, எந்த ஊருக்கு எப்போது லாரி என்பதையும் மாற்றி அமைத்தாள். அட்டி போடும் வேலை பாதிக்கு மேல் இல்லாமல் போயிற்று. குடோனில் காலி இடம் தெரிந்தது. லாரிகள் வாசலில் காத்துக் கிடப்பது நின்றது. ஷம்சாத் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொன்னது அப்போதுதான்.

பாதி வேலை போனால் பாதி ஆள் எதற்கு என்று ஷெட்டில் பேச்சு கிளம்பியதும் அப்போதுதான். வலங்கைமான் பக்கம் ஏதோ ஒரு மில்லில் இப்படி இயந்திரம் போட்ட இரண்டாம் மாதம் சுமை தூக்குகிறவர்களை நிறுத்திவிட்டார்கள் என்று யாரோ கேள்விப்பட்டு வந்து சொன்னார்கள்.

லட்டு கொடுத்த அன்று மாலை புகழேந்தி வயலுக்குப் போய்விட்டார். சம்பா அறுவடை முடிந்த வயலில் உளுந்து தெளித்திருந்தார். அம்மா அம்சவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழில்மொழி செருப்பைக் கழற்றும்போதே அம்மா தொடங்கிவிட்டாள்.

"உங்க அப்பா சரியா பேசறதே இல்ல. கவனிச்சியா?"

"வேலை அலுப்பா இருக்கும்மா."

"வேலைதான் குறைஞ்சு போச்சே. அப்புறம் என்ன அலுப்பு?" அம்சவல்லி கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஷெட்டுல எல்லாரும் அவரைத்தான் பாக்கறாங்களாம். உன் பொண்ணு கொண்டாந்ததுதானேன்னு வாய் திறந்து யாரும் கேக்கல. குழந்தைராஜ் அண்ணன் வீட்டுல இருந்து பாத்திமா மேரி வந்துச்சு. அது ஒண்ணும் சண்டை போடல. 'எங்க வீட்டுக்காரருக்கு இந்த வயசுல வேற யாரு வேலை குடுப்பாங்க'ன்னு மட்டும் கேட்டுட்டுப் போச்சு."

"ஆளைக் குறைப்பாங்கன்னு யாரும்மா சொன்னா?"

"குறைக்க மாட்டாங்கன்னு யாரு சொன்னா?"

ஷம்சாத் மேடம் அப்படிச் செய்ய மாட்டார் என்று எழில்மொழி நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் அதைச் சொன்னதாக ஒரு நாளும் நினைவில்லை.

நாளைக்கே கேட்டுவிடுகிறேன் என்றாள். மறுநாள் அலுவலக அறைக்குப் போனாள். ஷம்சாத் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றதும், பார்வையிட வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கே சொல்வது என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். அதற்கு மறுநாளும் போனாள். அன்றைக்குச் சுவருக்கு வண்ணம் பூசுவது பற்றிப் பேசினாள். ஆமாம், குறைக்கத்தான் போகிறோம் என்று மேடம் சொல்லிவிட்டால்? அதைத் தெரிந்துகொண்டு நடுவர்கள் முன்னால் நின்று, அந்த உருளைப் பாதையைக் காட்டிச் சிரிக்க வேண்டும். அதைத் தன்னால் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்காமல் இருப்பது சுலபமாக இருந்தது.

நடுவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கேமராவோடு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். பேசியவர் அருள்பிரகாஷ். ஐம்பது வயதுக்குள் இருக்கும். ரயிலில் சரியாகத் தூங்காத முகம். மில்லின் வாசலிலேயே, "எனக்கு மொதல்ல ஒரு காபி கிடைக்குமா?" என்று கேட்டதில் எல்லாருக்கும் பாதி பயம் போயிற்று.

காபி குடித்த பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். நெல் கொட்டும் குழியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடத்திலும் நின்றார். ஏன் இங்கே, ஏன் இப்படி, இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று கேட்டார். எழில்மொழி எதற்கும் தடுமாறவில்லை. ஷம்சாத் பின்னால் வந்துகொண்டே, வெளியே தெரியாத மாதிரி முக்காட்டைச் சரிசெய்தபடி பெருமைப்பட்டார். உருளைப் பாதையில் ஒரு சிப்பம் உருண்டு வந்து மேடையில் நின்றதும் அருள்பிரகாஷ் அதன் மேல் கை வைத்து, "அழகா இருக்கு" என்றார்.

பிறகு லோடிங் ஷெட்டைப் பார்த்தார். "இவங்களோட நான் தனியா பேசணும். நீங்க யாரும் வேணாம். தப்பா நினைக்காதீங்க, எல்லா இடத்துலயும் இப்படித்தான்."

எழில்மொழி லாரி மேடையின் மறுபக்கம் போய் நின்றாள். அங்கிருந்து ஷெட்டுக்குள் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. அருள்பிரகாஷ் கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பலகை மேல் உட்கார்ந்திருந்தார். முதலில் குழந்தைராஜ் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அப்பா பேசினார். உருளைப் பாதையைக் காட்டினார், தன் தோளைத் தொட்டுக் காட்டினார். அருள்பிரகாஷ் தலையாட்டினார். அவர் எழுந்திருக்கப்போகும் சமயத்தில் அப்பா மறுபடி வாயைத் திறந்தார். இந்த முறை கை அசையவில்லை. சொன்னது ஒரு வரியோ இரண்டு வரியோதான் இருக்கும். அருள்பிரகாஷ் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.



மதியம் அலுவலக அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மேஜை மேல் பிரியாணிப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அருள்பிரகாஷ் நேராகவே பேசினார்.

"மேடம், வேலை நல்லா செஞ்சிருக்கீங்க. அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா இந்த விருதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. மிச்சம் பண்ணின வேலையால யாரும் வேலையை இழந்திருக்கக் கூடாது. உங்க லோடிங்ல இருக்கிறவங்க என்ன ஆகப் போறாங்க?"

"என்ன ஆகப் போறாங்கன்னா?" ஷம்சாத்துக்குப் புரியவில்லை. "இருக்காங்க. பாத்தீங்களே."

"அடுத்த மாசம் இருப்பாங்களா? அவங்களைக் கேட்டேன். 'எங்களுக்குத் தெரியாது சார், யாரும் சொல்லல'ன்னாங்க."

ஷம்சாத்தின் முகம் சிவந்தது. எழில்மொழியைப் பார்த்தார்.

"யாரு அப்படிச் சொன்னது?"

"அதை நான் சொல்றதில்ல மேடம்."

ஷம்சாத் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "நீங்க சாப்பிடுங்க. நான் இப்ப வந்துடறேன்."

படியிறங்கிப் போன அவர் பின்னால் எழில்மொழி ஓடினாள். நடுவர்கள் இருவரும் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு மாடித் தாழ்வாரத்தில் வந்து நின்றார்கள்.

ஷெட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியம்மா வரும் வேகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். குழந்தைராஜின் கை சோற்றோடு அந்தரத்தில் நின்றது.

"நான் உங்களை அனுப்பப் போறேன்னு எப்ப சொன்னேன்?" ஷம்சாத்தின் குரல் உடைந்திருந்தது. கோபமா வருத்தமா என்று யாருக்கும் பிடிபடவில்லை. "வாப்பா காலத்துல இருந்து இருக்கீங்க. ஒருத்தரையாவது அனுப்பியிருக்கேனா? எப்ப சொன்னேன், சொல்லுங்க!"

புகழேந்தி டிபன் பாக்ஸை மூடித் தரையில் வைத்தார். துண்டில் கையைத் துடைத்தார்.

"அவர்கிட்ட சொன்னது நான்தாம்மா. அனுப்பறேன்னு நீங்க சொல்லல. அனுப்ப மாட்டேன்னு எப்பம்மா சொன்னீங்க?"

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. ஷம்சாத் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் உருளைப் பாதையில் யாரும் எடுக்காத ஒரு சிப்பம் கிடந்தது. ஷம்சாத்தின் தோள் தளர்ந்தது. காலையில் அருள்பிரகாஷ் உட்கார்ந்திருந்த அதே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லலதான்," என்றார். "நிசம்தான் புகழேந்தி அண்ணே. சொல்லல."

பிறகு மெதுவாகச் சொன்னார். வீட்டு உபயோகத்துக்கான சின்னப் பைகளில் அரிசி அடைக்கும் புதுப் பிரிவு ஒன்றைத் தொடங்க ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். காலியான குடோனில்தான் அதை வைக்கப் போகிறார். அந்தப் பிரிவுக்கு ஆள் வேண்டும், அந்த ஆட்கள் இவர்கள்தான். இயந்திரம் வந்து இறங்கிய பிறகு சொல்லலாம் என்று இருந்தார்.

"எங்க வாப்பாவுக்கு வாய் பெரிசு. பெருநாளைக்கு இது தர்றேன், அடுத்த வருஷம் அது செய்றேன்னு எல்லாருக்கும் சொல்லிடுவாரு. பாதி நடக்காது. அப்புறம் ஆளுங்க முகத்துல முழிக்க முடியாம பின்வாசல் வழியா வீட்டுக்கு வருவாரு. அதைப் பாத்து வளர்ந்தவ நான். நடக்கிற வரைக்கும் எதையும் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன். நான் சொல்லாம இருந்தா நீங்க நிம்மதியா இருப்பீங்கன்னு நெனச்சேன். இப்படிப் பயந்துகிட்டு இருப்பீங்கன்னு தோணவே இல்ல."

குழந்தைராஜ் கையிலிருந்த சோற்றைத் திரும்ப டப்பாவில் போட்டார். "அம்மா, ஒண்ணு கேக்கலாமா? எங்களுக்குச் சிப்பத்துக்கு இவ்வளவுன்னுதான் கூலி. தூக்கறது குறைஞ்சா கூலியும் குறையும்ல?"

"குறையாது. எல்லாருக்கும் மாசச் சம்பளம். இப்ப வாங்கறதுக்குக் குறையாம."

"இதை எழுதி ஒட்டுவீங்களா?"

யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். ஷம்சாத் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஒட்டறேன் அண்ணே. இந்தப் பொண்ணு மில்லு முழுக்க அறிவிப்புப் பலகையா மாட்டி வச்சிருக்கு. அதுல ஒண்ணுல ஒட்டறேன்."

எழில்மொழி லாரி மேடையில் சாய்ந்து நின்றாள். இத்தனை நாளும் மூச்சைப் பாதி உள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள் என்பது, அது முழுதாக வெளியே வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மாலையில் அப்பாவை அவள் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள். அதுவரை மில்லிலிருந்து அவர்கள் சேர்ந்து வீட்டுக்குப் போனதில்லை. அவர் எப்போதும் சைக்கிளில் முன்னாலேயே கிளம்பிவிடுவார். குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"விருது போயிடும்னு தெரியும்ல அப்பா, உங்களுக்கு?"

"அந்த சாரே சொன்னாரு, ஆளைக் குறைச்சா விருது கிடையாதுன்னு. அதுக்கப்புறம்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு." காற்றில் அவர் குரலை உரக்க எழுப்பினார். "மொதல்ல நீ போட்ட பாதையைப் பத்திப் பேசுனேன். கழுத்து வலி குறைஞ்சிடுச்சு, நல்லா தூங்கறேன்னு சொன்னேன். பொய் இல்ல, நிசம்தான். அப்படியே விட்டுடலாம்னுதான் இருந்தேன். ஆனா குழந்தைராஜ் என்னையே பாத்துகிட்டு இருந்தான் பாப்பா. அவன் சொல்ல மாட்டான். எனக்காகச் சொல்ல மாட்டான். நான் சொன்னாதான் உண்டு."

அவள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். இரண்டு பக்கமும் அறுத்த வயல். தூரத்தில் வைக்கோல் கட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் மேடம்கிட்ட கேக்கத்தான் போனேன்ப்பா. போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். கேக்க பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் இல்லையா? இத்தனை வருஷம் அந்த அம்மாகிட்ட வேலை பாக்கறேன், நேரா போய்க் கேட்டிருக்கலாம். கேட்டனா?" அவர் துண்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். "இந்தா. தொடச்சுக்க. நெல்லுத் தூசிதான், ஒண்ணும் பண்ணாது."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் அரித்தது.

முதல் பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்து வால்வு கம்பெனி ஒன்றுக்குப் போயிற்று. சிறுதொழில் பிரிவில் மில்லுக்கு மூன்றாம் இடம். ஷம்சாத் வேன் வைத்து, எழில்மொழியோடு லோடிங் ஷெட்டிலிருந்து புகழேந்தியையும் குழந்தைராஜையும் சென்னைக்கு அழைத்துப் போயிருந்தார். மில்லின் பெயரை வாசித்ததும் அந்தக் குளிர்ந்த மண்டபத்தில் குழந்தைராஜ் விசில் அடித்துவிட்டார். கோட்டு போட்டவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் ஷம்சாத் மேடத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு எழில்மொழி அப்பாவைத் தேடினாள். அவர் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் இடமா முதல் இடமா என்பதெல்லாம் அவருக்கு ஒரு கணக்கே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கீழே இறங்கி வந்தபோது அருள்பிரகாஷ் கை கொடுத்தார். "அடுத்த வருஷமும் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

சித்திரையில் புதுப் பிரிவின் இயந்திரம் வந்து இறங்கியது. புகழேந்தி அங்கே எடை சரிபார்க்கும் வேலைக்குப் போனார். தலைக்கு வலைத்தொப்பி போடச் சொன்னதற்கு முதல் வாரம் முழுக்க முணுமுணுத்தார். குழந்தைராஜ் லாரி மேடையிலேயே இருக்கிறேன் என்று கேட்டு இருந்துகொண்டார். சின்னப் பையை விட மூட்டையே மேல், கையில் பிடித்த மாதிரி இருக்கும் என்றார்.

ஷம்சாத்தும் மாறிவிட்டார், கொஞ்சம் அதிகமாகவே. இப்போது அவர் எதையும் சொல்லாமல் விடுவதில்லை. புது பாய்லர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை என்று சொல்ல ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டார். ஒரு வாரம் கழித்து, வாங்கவில்லை என்று சொல்ல மறுபடி கூப்பிட்டார். கேன்டீனில் சாம்பாருக்குப் பதில் குருமா வைக்கலாமா என்பதற்கும் ஒரு கூட்டம் நடந்தது.

"போதும்மா, நீங்களா பாத்துச் செய்யுங்க" என்று தையல் பெண்கள் கெஞ்சினார்கள்.

"இல்ல இல்ல, சொல்லிடறேன்" என்றார் ஷம்சாத். எல்லாரும் அவரைச் சுற்றி நின்று, வேலை கெடுகிறதே என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.